வெள்ளை மொச்சை

மோந்தெரீவா கோட்டை
12 செப்டம்பர் 1467
(கோட்டைத் தூதுவன் கையில்)

அன்பு அக்கா வயோலாந்தேவுக்கு, உன் தம்பி கெரார்தோ எழுதுவது. நான் இங்கே நலம். உன் முழங்கால் வலி இந்த ஈரத்துக்கு எப்படி இருக்கிறது? ஃபொந்தேலாவில் திராட்சை அறுப்பு தொடங்கியிருக்கும். நீ வெயிலில் நின்று எல்லோரையும் திட்டிக்கொண்டிருப்பாய்.

உனக்கொரு நல்ல சேதி. தத்தேயா கருவுற்றிருக்கிறாள். டிசம்பரில் பிள்ளைப்பேறு என்று மருத்துவச்சி ஜீத்தா சொல்கிறாள். ஆணானாலும் பெண்ணானாலும் ஃபியோரே என்றுதான் பெயர் வைக்கவேண்டும் என்று தத்தேயா இப்போதே முடிவு செய்துவிட்டாள்.

என் மைத்துனர் ரைனேரோ பிரபு எங்கள்மேல் காட்டும் அன்புக்கு அளவே இல்லை. இவ்வளவு பெரிய நகரத்தை ஆள்கிறவர், தினமும் என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் சாப்பிடுகிறார். நேற்றுகூட எல்லோர் முன்னாலும் கேட்டார்: "என்ன மாப்ள, ஆணா பொண்ணா? உனக்கு எது வேணும்?"

"எது பொறந்தாலும் உங்க வீட்டுப் புள்ளதான், பிரபு" என்றேன். மேசையே சிரித்தது. அவருடைய பெருந்தன்மையைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் போதாது. தன் வீட்டுத் தேனில் ஊறவைத்த அத்திப்பழங்களை எங்களுக்கென்று தனியாக அனுப்புகிறார். செயலர் மாஃபெயோ என் கடிதங்களைப் படித்துப் பிழை திருத்தித் தருகிறார். அதுவும் ஒரு உதவிதான்.

உடம்பைப் பார்த்துக்கொள். எங்களுக்காக ஜெபம் செய்.

உன் தம்பி,
கெரார்தோ

*

ஃபொந்தேலா
29 செப்டம்பர் 1467
(உப்புக்காரர் பார்த்தோலோ கையில்)

தம்பி கெரார்தோவுக்கு, அக்காவின் ஆசீர்வாதம். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. அதை விடு.

உன் கடிதத்தின் முத்திரை இரண்டு முறை உருகிய மெழுகு. கீழே உன்னுடையது, மேலே வேறொருவன் அழுத்தியது. ஒரே பக்கத்தில் மைத்துனரை நான்கு இடத்தில் புகழ்ந்திருக்கிறாய். உனக்கு ஆறு வயதில் அம்மா போன நாளிலிருந்து உன்னை வளர்த்தவள் நான். நீ யாரையாவது புகழ்ந்தால் அவனைப் பார்த்துப் பயப்படுகிறாய் என்று அர்த்தம். அப்பாவையும் இப்படித்தான் புகழ்வாய்.

வீட்டோடு மாப்பிள்ளையாகப் போகாதே என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "ஆளுற வீட்டுப் பொண்ணு அக்கா, யாருக்குக் கிடைக்கும்?" என்று பல்லைக் காட்டினாய். போகட்டும், இப்போது அதைக் கிளறி என்ன?

உண்மையை எழுது. இதைக் கொண்டுவரும் பார்த்தோலோ கடற்கரையிலிருந்து உங்கள் ஊருக்கு உப்பு ஏற்றிவந்து, திரும்பும்போது கம்பளி வாங்கிப்போகிறவர்; போகும்போதும் வரும்போதும் எங்கள் ஊர் வழிதான். படிக்கத் தெரியாது. தன் கோவேறு கழுதையைத் தவிர வேறெதைப் பற்றியும் பேசமாட்டார். சேணத்துக்குள் தைத்து அனுப்பு. கோட்டைத் தூதுவன் கையில் மாஃபெயோ படிப்பதற்கு ஒரு கடிதம், பார்த்தோலோ கையில் எனக்கு ஒரு கடிதம்.

அக்கா

*

மோந்தெரீவா
20 அக்டோபர் 1467
(பார்த்தோலோ கையில்)

அக்கா, இந்த ஒரு கடிதத்திலாவது நான் நலம் என்று எழுதாமல் இருக்கிறேன். நான் நலமாக இல்லை.

தத்தேயாவுக்கு லவீனியா என்று ஓர் அக்கா இருப்பது உனக்குத் தெரியும். அவளுக்கு ஒரு மகன் இருந்தான் என்பதை இங்கே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ரைனேரோவுக்குப் பிள்ளை இல்லை. பிரபுவுக்கு மகன் இல்லாவிட்டால் அவர் உடன்பிறந்தவளின் மகனைச் சதுக்கத்தில் தோளில் தூக்கி வாரிசு என்று அறிவிக்கும் உரிமை இந்த ஊர்ப் பெரியவர்கள் சபைக்கு உண்டு. அந்தக் குழந்தைக்கு இரண்டு வயது ஆனதும் சபையில் அந்தப் பேச்சு எழுந்திருக்கிறது. அதே மாதம் கோட்டையிலிருந்து தேன் அத்தி போனது. குழந்தை மூன்றே நாளில் இறந்தது. அடுத்த மாதம் அதன் தகப்பன், சிறு வயதிலிருந்து நீந்திய ஆற்றில் மூழ்கிப் போனான். லவீனியா மடத்தில் சேர்ந்து பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

ஆண் பிறந்தால் என் பிள்ளை பிழைக்காது, அக்கா. அதற்குப் பின் நானும் பிழைக்கமாட்டேன். பெண்ணாக இருக்கட்டும் என்று தேவமாதாவின் காலில் தினமும் விழுகிறேன். ஒரு தகப்பன் கேட்கிற வரமா இது?

தத்தேயாவிடம் இதைப் பேசமுடியவில்லை. தினமும் காலையில் அண்ணன் அறைக்குப் போய் அவரோடு சதுரங்கம் ஆடுகிறாள். தினமும் தோற்றுவிட்டுச் சிரித்துக்கொண்டே வருகிறாள். ஒருநாள் பட்டும் படாமலும் கேட்டுப் பார்த்தேன். "அண்ணன்கிட்ட நான் எதையும் மறைச்சதே இல்லீங்க. எதுக்கு மறைக்கணும்?" என்றாள். நல்லவள்தான். ஆனால் அவர் தங்கை.

அத்திப்பழங்களை நான் சாப்பிடுவதில்லை. பல்வலி என்று சொல்லியிருக்கிறேன்.

கெரார்தோ

*

மோந்தெரீவா
11 டிசம்பர் 1467
(பார்த்தோலோ கையில், மிக அவசரம்)

அக்கா, அவசரத்தில் கிறுக்குகிறேன். எழுத்து புரியாவிட்டால் மன்னித்துவிடு.

நேற்று விடியற்காலையில் பிறந்தது. ஜீத்தா கதவை ஒரு விரல் அளவு திறந்து, "ஆம்பளப் புள்ள" என்று என் காதில் சொன்னாள். நான் யோசிப்பதற்குள், "குழந்தைக்கு மூச்சு சரியில்ல, உடனே ஞானஸ்நானம் கொடுத்தாகணும்" என்று துணியில் இறுக்கிச் சுற்றி எடுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள். குழந்தை பிறந்த சேதி மட்டும் கேட்டு ரைனேரோவும் நேராக அங்கேயே வந்துவிட்டார்.

இந்த ஊர் வழக்கம் உனக்குத் தெரியாது. ஞானஸ்நானம் முடிந்ததும் பங்குச் சாமியார் தன் பையில் கைவிட்டு ஒரு மொச்சையை எடுத்து, எல்லோரும் பார்க்க உயர்த்திக் காட்டிப் பெட்டியில் போடுவார். ஆண் என்றால் கறுப்பு மொச்சை, பெண் என்றால் வெள்ளை. வருட முடிவில் அதை எண்ணித்தான் ஊரில் எத்தனை பிறப்பு என்று கணக்கு. கறுப்பு விழுந்தால் ஒரு மணி நேரம் கோயில் மணி அடித்து, கோட்டையில் பீரங்கி வெடிப்பார்கள். வெள்ளை விழுந்தால் மூன்றே மூன்று முறை மணி அடித்து நிறுத்திவிடுவார்கள்.

சாமியார் கிறிசாந்தோவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஃபியோரே என்று பெயரிட்டார். பைக்குள் துழாவி எடுத்து உயர்த்தினார். வெள்ளை மொச்சை, அக்கா! கிழவருக்குக் கண் தெரியாமல் மாற்றி எடுத்துவிட்டார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மணி மூன்று முறை அடித்து ஓய்ந்தது. ரைனேரோ என்னைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தமிட்டார். "பொண்ணு மாப்ள, பொண்ணு! ஏன் இப்படிப் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே? அடுத்தது ஆணாப் பொறக்கும், விடு!" என்று என் முதுகில் தட்டினார். இத்தனை மாதத்தில் அவர் கண்ணும் சேர்ந்து சிரித்தது நேற்றுதான். நான் வாயை மூடிக்கொண்டேன். ஜீத்தா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தத்தேயாவுக்குக் கடுங்காய்ச்சல். குழந்தையை அவள் சரியாகப் பார்க்கவே இல்லை. என்ன குழந்தை என்று கேட்டாள். "பொண்ணு" என்றேன். "சரிங்க" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பெரிய வீட்டுக் குழந்தைகளை ஊர்ப்புறத்துப் பால்தாயிடம் விடுவது வழக்கம்தானே. உன்னிடம் அனுப்புகிறேன் என்றேன். ரைனேரோ தடுக்கவில்லை. நாளை ஜீத்தா கொண்டுவருகிறாள். வாய் இறுகிய பால்தாய் ஒருத்தியைப் பார். அவளையும் உன்னையும் தவிர வேறு யாரும் துணியை அவிழ்க்கக் கூடாது.

கெரார்தோ

*

ஃபொந்தேலா
20 டிசம்பர் 1467
(கோட்டைத் தூதுவன் கையில்)

என் அன்புத் தம்பிக்கும், அரசகுமாரி தத்தேயாவுக்கும் வயோலாந்தேவின் வாழ்த்துகள். உங்கள் அருமை மகள் சுகமாக வந்து சேர்ந்தாள். என்ன அழகு, என்ன அடக்கம்! மாவு ஆலைக்காரன் தோனோவின் மனைவி மெங்கா பால் கொடுக்கிறாள். அவளுக்கும் பிப்பா என்று இரண்டு மாதப் பெண் குழந்தை இருக்கிறது. பாலுக்குக் குறைவில்லை. பிரபுவுக்கு என் பணிவான வணக்கம். அரசகுமாரியின் காய்ச்சல் தணிய ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்திருக்கிறேன்.

வயோலாந்தே

*

அதே நாள்
(பார்த்தோலோ கையில்)

அடேய், உங்கள் அடக்கமான மகள் துணியை அவிழ்த்ததும் என் முகத்திலேயே மூத்திரம் பெய்துவிட்டாள். அதே வேலையை இருபத்தெட்டு வருடத்துக்கு முன் நீ எனக்குச் செய்தாய். சிரித்துச் சிரித்து மெங்காவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்புறம் இருவருக்கும் சிரிப்பு நின்றது.

பிள்ளை கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறான். மூச்சில் ஒரு குறையும் இல்லை. மோவாயில் மட்டும் நடுவே ஒரு குழி. அது நம் வீட்டு மோவாய் இல்லை.

உன்மேல் எனக்குக் கோபம். நீ பொய் சொல்லவில்லை, கிழட்டுச் சாமியார் சொன்ன பொய்க்குள் புகுந்து ஒளிந்துகொண்டாய். அது எத்தனை நாளைக்கு? ஐந்து வயதில் பாவாடை கட்டிவிடுவாயா? பத்து வயதில் என்ன செய்வாய்? நீ எப்போதும் இன்றைய பொழுது போனால் போதும் என்று இருக்கிறவன்.

தத்தேயாவிடம் சொல். பெற்றவளுக்குத் தெரியாமல் ஒரு பிள்ளையை மறைக்கமுடியாது. மறைக்கவும் கூடாது.

அக்கா

*

மோந்தெரீவா கோட்டை
15 மார்ச் 1468
(கோட்டைத் தூதுவன் கையில்)

அன்பு அக்காவுக்கு, அனைவரும் நலம். தத்தேயா தேறிவிட்டாள். நீயும் குழந்தையும் நலம் என நம்புகிறேன்.

மகிழ்ச்சியான சேதி. மைத்துனர் ரைனேரோ நம் ஃபியோரேவைச் சான்வித்தோ நகரத்துப் பிரபுவின் மூன்று வயது மகனுக்கு நிச்சயம் செய்திருக்கிறார். இதனால் இரண்டு ஊருக்கும் பகை தீரும். எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி. பெருமையும் மகிழ்ச்சியும்.

வழக்கப்படி, ஈஸ்டர் முடிந்த பத்தாம் நாள் சான்வித்தோவிலிருந்து இரண்டு பெரிய மனுஷிகள் உன் வீட்டுக்கு வருவார்கள். பகல் வெளிச்சத்தில், சன்னலோரம் குழந்தையின் துணியை முழுவதும் அவிழ்த்து, உடலில் ஊனம் ஏதும் இல்லை என்று பார்த்து உறுதி செய்வார்கள். செயலர் மாஃபெயோ உடன் வருகிறார். வேண்டியதைத் தயார் செய்து வை.

வேறு விசேஷம் இல்லை. நகர வாசலில் உப்பு வணிகர்களை மூன்று வாரமாகச் சோதனைக்கு நிறுத்திவைத்திருக்கிறார்கள். அதனால் இங்கே எல்லாச் சாப்பாடும் உப்பில்லாமல் இருக்கிறது. நாங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறோம்.

உன் தம்பி,
கெரார்தோ

*

ஃபொந்தேலா
28 ஏப்ரல் 1468
(கோட்டைத் தூதுவன் கையில்)

அன்புத் தம்பிக்கு, நலம். நலமே கேட்க ஆவல்.

விருந்தினர் வந்தார்கள், பார்த்தார்கள், திருப்தியாகத் திரும்பினார்கள். குழந்தையைக் கிழக்குச் சன்னலில் மேசைமேல் கிடத்தி, துணியை நானே அவிழ்த்தேன். பெரிய மனுஷிகள் இருவரும் விரல் விரலாக எண்ணினார்கள். பெண் என்பதில் குறையில்லை, உறுப்பில் குறையில்லை. இடது முழங்காலின் பின்புறம் பயறளவு மச்சம் ஒன்று இருக்கிறதே, அதைச் செயலர் மாஃபெயோ ஏட்டில் குறித்துக்கொண்டார். உனக்கு அந்த மச்சம் நினைவிருக்கும்.

பார்த்து முடித்ததும் குழந்தையின் கழுத்தில் பவளம் கட்டினார்கள். அப்போது பால்தாய் மெங்கா தேம்பித் தேம்பி அழுதுவிட்டாள். "வளர்த்தவளுக்கே இவ்வளவு பாசமா!" என்று அந்த அம்மாக்கள் வியந்தார்கள்.

நிச்சயமான பெண் இனிக் கோட்டையில்தான் வளரவேண்டும் என்பது சான்வித்தோவின் கோரிக்கையாம். பிரபுவும் அங்கேயே பால்தாய் ஏற்பாடு செய்துவிட்டதாக மாஃபெயோ சொன்னார். ஆகவே புனித யோவான் திருநாளுக்கு முன் உன் மகள் உன் வீடு வந்து சேர்வாள்.

வயோலாந்தே

*

ஃபொந்தேலா
16 மே 1468
(பார்த்தோலோ கையில்)

தம்பி, எந்தப் புண்ணியவானோ பார்த்தோலோவை விட்டுவிட்டான். சேணத்தை யாரும் அவிழ்க்கவில்லையாம். கழுதை இளைத்துவிட்டது என்று மட்டும் ஒரு மணி நேரம் புலம்பினார்.

நீ புரிந்துகொண்டிருப்பாய். சன்னலில் கிடந்தது பிப்பா, மெங்காவின் மகள். ஆறு மாதக் குழந்தையை நான்கு மாதம் என்றோம். கொஞ்சம் பெரிய குழந்தை என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

கேட்டது நான்தான். என் வாழ்க்கையில் இதைவிடக் கேவலமாக நான் என்னை உணர்ந்ததில்லை. "ஒரே ஒரு நாளைக்கு உன் புள்ளயக் குடு மெங்கா. இல்லேன்னா ரெண்டு உசுரு போயிரும்" என்றேன். குடுத்தாள். ஒரு நாள் என்பது ஆயுளுக்கும் ஆனபோது அவள் வீட்டு வாசலில் போய் நிற்க எனக்குக் கால் வரவில்லை. போனேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. இரண்டு குழந்தைகளையும் இரண்டு பக்கம் வைத்துப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். குழந்தைகளிடமிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "கேட்டுக்கிட்டுதானம்மா எடுத்தீங்க. கேக்காமலே எடுக்கறவங்க வீட்டுக்கு அவ போறா." நீயும் அவளோடு கோட்டைக்குப் போய்விடு, நான் எப்படியாவது ஏற்பாடு செய்கிறேன் என்றேன். "நான் போயிட்டா இவனுக்கு யாரும்மா பால் குடுப்பா? உங்க கோவேறு கழுதையா?" என்று கேட்டாள்.

பிறகு அவள் நிபந்தனையைச் சொன்னாள். ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன். "ஒண்ணுக்கு ஒண்ணு. இனிமே இவன் எம் புள்ள. நாளைக்குக் காலம் மாறிப்போச்சு, பிரபு செத்துட்டாரு, எம் புள்ளயக் குடுன்னு உங்க தம்பி வந்து நின்னாருன்னா, கோட்டை வாசல்ல நின்னு எம் பொண்ணக் குடுன்னு நான் கத்துவேன். ஊரே கேக்கும்."

தோனோவுக்கு எல்லாம் தெரியும். இங்கே அக்கம்பக்கத்தார் பிப்பாவைப் பார்த்தவர்கள் என்பதால், மலைமேல் இருக்கும் மேல் ஆலைக்கு அவர்களைக் குடியேற்றுகிறேன். அங்கே போனால் அவர்கள் ஒரு மகனைப் பெற்றவர்கள், அவ்வளவுதான்.

உன் பதில் வேண்டும். ஆம் என்றால் உனக்கு மகன் இல்லை. எந்தக் காலத்திலும் இல்லை.

அக்கா

*

மோந்தெரீவா
22 ஜூன் 1468
(பார்த்தோலோ கையில்)

அக்கா, ஒரு மாதம் பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துவிடு. ஆம் என்ற ஒரு சொல்லை எழுத ஒரு மாதம் ஆயிற்று. ஆம். அவன் மெங்காவின் பிள்ளை. அவன் உயிரோடு இருக்கட்டும், அது போதும் என்று எழுதுகிறேன். அது போதவில்லை.

குழந்தை நேற்று முன்தினம் வந்து சேர்ந்தாள். பெரிய கூடத்தில் எல்லோரும் கூடியிருந்தோம். ரைனேரோ கையில் வாங்கி, முகத்தை உற்றுப் பார்த்தார். "நம்ம வீட்டு மோவாயே இல்லையே, தத்தேயா. முழுக்க மாப்பிள்ளை ஜாடையா?" என்றார். சிரிப்பாகத்தான் சொன்னார். கண் சிரிக்கவில்லை. மாஃபெயோ ஏட்டைத் திறந்துகொண்டு நின்றார்.

தத்தேயா எழுந்து வந்து குழந்தையை வாங்கினாள். அங்கேயே தரையில் உட்கார்ந்து, மடியில் போட்டு, அத்தனை பேர் முன்னாலும் துணியை அவிழ்த்தாள். தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். நான் செத்தேன் என்று நினைத்தேன். இடது காலை மடக்கி முழங்காலுக்குப் பின்னால் விரல் வைத்தாள்.

"இதோ, மச்சம்! பொறந்தப்பவே பாத்தேன், காய்ச்சல்ல கனவோன்னு நெனச்சிருந்தேன். எம் பொண்ணுதாண்ணே. மோவாய் இல்லாட்டி என்ன, உங்களை மாதிரி முறைக்கிறாளே, போதாதா?" என்றாள்.

ரைனேரோ வாய்விட்டுச் சிரித்தார். மாஃபெயோ ஏட்டை மூடினார்.

பாவம், அக்கா. பிறந்த குழந்தையை அவள் பார்க்கவே இல்லை. காய்ச்சலில் எதையோ பார்த்ததாக நம்பிக்கொண்டிருக்கிறாள். அந்த நம்பிக்கை எங்களைக் காப்பாற்றிவிட்டது. இப்போது அந்தக் குழந்தையைக் கீழே விடுவதே இல்லை. இந்தப் பொய்யைச் சாகும்வரை அவளிடம் நான் சொல்லியாக வேண்டும். அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

அவன் எப்படி இருக்கிறான் என்று இனிக் கேட்கமாட்டேன். இந்த ஒரு முறை கேட்டதாக வைத்துக்கொள்.

கெரார்தோ

*

மோந்தெரீவா
9 ஜூலை 1468
(பார்த்தோலோ கையில்)

அண்ணி, உங்கள் தம்பி மனைவி தத்தேயா வணக்கத்தோடு எழுதுகிறேன். உங்கள் முழங்காலுக்கு ஒரு தைலம் வைத்திருக்கிறேன். என்னை அரசகுமாரி என்று எழுதாதீர்கள், நீ என்றே எழுதுங்கள்.

பார்த்தோலோவின் சேணத்தைப் பற்றி எனக்கு எப்படித் தெரியும் என்று திடுக்கிடுவீர்கள். உங்கள் தம்பி உங்கள் கடிதங்களை இடது பூட்சுக்குள் வைத்துக்கொண்டு நாள் முழுக்க நொண்டுகிறார். மனைவிக்குத் தெரியாமல் இருக்குமா? அவர் தூங்கியபின் ஒவ்வொன்றையும் எடுத்துப் படித்துவிட்டு அங்கேயே வைத்துவிடுவேன். நகர வாசலில் பார்த்தோலோவைச் சோதிக்காமல் விடச் சொன்னதும் நான்தான். அவர் கொண்டுவருவது என் சீதனமாக வரும் உப்பு என்று காவலனிடம் சண்டை போட்டேன்.

உங்கள் தம்பி நல்லவர். ஆனால் மனதில் இருப்பதை முகத்தில் ஏந்திக்கொண்டு நடக்கிறவர். அவருக்குத் தெரிந்தால் அரை நாளில் அண்ணனுக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் அவரிடம் மறைத்தேன்.

சாமியார் கிறிசாந்தோவுக்குக் கண்தான் தெரியாது. விரல் தவறாது. கறுப்பு மொச்சை பெரியது, வெள்ளை சிறியது, தொட்டே எடுப்பார். பிள்ளை பிறந்ததும் விளக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லி நான் பார்த்துவிட்டேன். மூச்சு சரியில்லை என்று சொல்லி ஓடு என்று ஜீத்தாவிடம் சொன்னது நான். சாமியாரிடம் பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, ஆண் என்றுதான் அவர் காதில் சொன்னாள். ஜீத்தாவின் மச்சினன்தான் கோயில் மணியடிப்பவன். அவன் அன்று காலை சாமியாரின் பையை மாற்றிவைத்தான். ஒரு கறுப்பு மொச்சைகூட அதில் இல்லை. கிழவர் எவ்வளவு நேரம் துழாவினார் என்று ஜீத்தா சொன்னாள். கடைசியில் தன் விரலைத்தான் சந்தேகப்பட்டிருப்பார், பாவம். பெயரும் அதற்காகத்தான். ஃபியோரே என்றால் ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள்.

இவர் வந்து "பொண்ணு" என்றபோது நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். இவர் பொய் சொல்லிச் சிரமப்படுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஏன் இவ்வளவு துணிந்தேன் என்று கேட்பீர்கள். என் அக்கா லவீனியாவின் மகனுக்கு அத்திப்பழம் போனது உங்களுக்குத் தெரியும். அந்தத் தட்டைக் கொண்டுபோனவள் நான். எனக்குப் பதினான்கு வயது. "சித்தி கையால குடுத்தாத்தான் சாப்பிடுவான்" என்று அண்ணன் என் தலையைத் தடவி அனுப்பினார். இரண்டு பழம் நானே ஊட்டினேன். தேனை என் விரலிலிருந்து நக்கினான். எனக்கு ஒன்றும் தெரியாது அண்ணி, சத்தியமாகத் தெரியாது. அன்றிலிருந்து தினமும் காலையில் அவர் எதிரில் உட்கார்ந்து சதுரங்கத்தில் தோற்கிறேன். தங்கை அசடு, எதையும் மறைக்கத் தெரியாதவள் என்று அவர் நம்பவேண்டும். பத்து வருடமாகத் தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் தம்பியிடம் சொல்லாதீர்கள். என்னை ஏமாற்றிவிட்டதாக அவர் வெட்கப்படட்டும். அந்த வெட்கம் அவர் உயிரைக் காக்கும்.

மெங்காவிடம் சொல்லுங்கள். அவள் நிபந்தனை எனக்குச் சம்மதம். அவள் மகளுக்கு வரும் எதையும் நான் முதலில் தின்று பார்க்காமல் கொடுப்பதில்லை. குழந்தை என் கட்டிலில்தான் தூங்குகிறாள். ஆனால் தூங்கவைக்கத்தான் தெரியவில்லை. அழுது அழுது ஓய்கிறாள். எதையோ தேடுகிறாள், என்னவென்று எனக்குப் புரியவில்லை. அதை மட்டும் கேட்டு எழுதுங்கள்.

எனக்கு வேறொன்றும் வேண்டாம். அவன் கண் என்ன நிறமாக மாறியிருக்கிறது? அவனை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? விளக்கு வெளிச்சத்தில் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன்.

தத்தேயா

*

ஃபொந்தேலா
2 ஆகஸ்ட் 1468
(கோட்டைத் தூதுவன் கையில்)

என் அருமைத் தத்தேயாவுக்கு, வயோலாந்தேவின் அன்பு. தைலம் வந்தது, முழங்கால் பரவாயில்லை. நீயும் தம்பியும் நலமாக இருக்கவேண்டும். நீ கேட்டபடி 'நீ' என்றே எழுதுகிறேன். உன்னை இத்தனை நாள் வேறு மாதிரி நினைத்திருந்தேன். அதற்கு என்னை மன்னித்துவிடு.

இங்கே எழுத விசேஷம் ஏதும் இல்லை. ஊர்க்கதைதான். போன வாரம் குதிரையில் மேல் ஆலைக்குப் போயிருந்தேன். உன் மகளுக்குப் பால் கொடுத்த மெங்கா இப்போது அங்கேதான் இருக்கிறாள். அவள் மகன் தவழ ஆரம்பித்து, மாவு மூட்டைகளுக்கு நடுவே உருண்டுகொண்டிருக்கிறான். கண் கஷ்கொட்டைப் பழுப்பு நிறம். எப்போது பார்த்தாலும் நெற்றியிலிருந்து மோவாய் வரை மாவு அப்பிக்கிடப்பதால் முகம் எப்படி என்று யார் கண்ணிலும் படுவதில்லை. மெங்கா துடைத்துவிடுவதும் இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தான். இரண்டு பல் முளைத்திருக்கிறது.

அவன் பெயர் பிப்போ. மெங்காதான் வைத்தாள். வேறு பெயர் வாயில் வரமாட்டேன் என்கிறதாம்.

வளர்த்த பாசத்தில் அவள் உன்னிடம் ஒன்று சொல்லச் சொன்னாள். குட்டி எஜமானி தூங்கும்போது பக்கத்தில் படுத்திருப்பவரின் காது மடலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாளாம். கொஞ்சம் வலிக்கும், கையை எடுத்துவிட வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள்.

அனைவரும் உடல்நலம் பேணுங்கள்.

வயோலாந்தே